மூலிகைதானே, என்ன செஞ்சிடும்? – முடக்குவாதமும் சீன வைத்தியமும்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்து, கடன் பேச்சும் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "கை விரலை மடக்க முடியலக்கா", "காலையில எழுந்தா காலை ஊன்ற முடியல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். உடனே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வோம். போன கூட்டத்தில் ஒரு சகோதரி ஒரு கேள்வி கேட்டார்.

"சந்தையில சீன மூலிகைன்னு ஒரு பொட்டலம் விக்கிறாங்க. முடக்குவாதத்துக்குக் கைகண்ட மருந்தாம். மூணு மாசத்துக்கு மூவாயிரம் ரூபாய். இங்கிலீஷ் மருந்து மாதிரி இல்ல, மூலிகைங்கிறதால கெடுதலே கிடையாதுன்னு சொல்றாங்க. உள்கடன் எடுத்து வாங்கலாமா?"

கூட்டத்தில் யாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வாங்கு என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் காரணம் தெரியவில்லை. அதனால் இந்த மாதப் பாடமாக அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டோம். சீனாவில் இந்த நோய்க்கு என்ன மூலிகை கொடுக்கிறார்கள்? அது கேட்கிறதா? கெடுதல் இல்லை என்பது உண்மையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முடக்குவாதம் என்பது எது?

மூட்டு வலி எல்லாம் முடக்குவாதம் இல்லை. வயதானால் முழங்கால் தேய்ந்து வரும் வலி ஒன்று. சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் இருக்கும் வலி இன்னொன்று. முடக்குவாதம் இவற்றிலிருந்து வேறுபட்டது.

நம் உடம்பில் கிருமியை எதிர்த்துச் சண்டை போட ஒரு காவல் படை இருக்கிறது. அதைத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். முடக்குவாதத்தில் இந்தக் காவல் படை ஆள் தெரியாமல் நம் மூட்டுகளையே தாக்குகிறது. மூட்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு வீங்குகிறது. அந்த வீக்கம் நாளாக நாளாகப் பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. கடைசியில் விரல்கள் கோணிப் போகின்றன. வேலியே பயிரை மேய்வது போலத்தான்.

இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. கிழவிகளுக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். முப்பது, நாற்பது வயதில், வீட்டு வேலையும் வயல் வேலையும் ஓடி ஓடிச் செய்யும் வயதிலும் வருகிறது.

அடையாளம் இப்படி இருக்கும்:
- கை விரல், மணிக்கட்டு, கால் விரல் போன்ற சின்ன மூட்டுகளில் முதலில் வரும்.
- பெரும்பாலும் இரண்டு கைகளிலும் சேர்ந்தே வரும்.
- காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்துக்கொண்டு, அரைமணி, ஒரு மணி நேரம் ஆனாலும் இளகாது.
- மூட்டு வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும்.
- அசதி, பசியின்மை, உடம்பு இளைப்பது, லேசான காய்ச்சல் கூட இருக்கலாம்.

ஆறு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அதை "வேலை செஞ்ச அலுப்பு" என்று விட்டுவிடக் கூடாது. ஆரம்பத்திலேயே சரியான மருந்து எடுத்தால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். ஒருமுறை எலும்பு அரித்துப் போனால் எந்த வைத்தியத்தாலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பாடத்தின் கடைசியில் இது மறுபடியும் வரும்.

சீன வைத்தியர்கள் என்ன நினைத்தார்கள்?

சீனாவின் நாட்டு வைத்தியம் நம் சித்த வைத்தியம் போலவே பழமையானது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அவர்களுடைய மருத்துவ நூலிலேயே மூட்டு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காற்று, குளிர், ஈரம் இந்த மூன்றும் உடம்புக்குள் புகுந்து ரத்த ஓட்டத்தையும் உயிர்ச் சக்தியின் ஓட்டத்தையும் அடைத்துக்கொள்வதால் வலி வருகிறது என்பது அவர்களின் கணக்கு. இந்த அடைப்பு நோய்க்குச் சீன மொழியில் 'பி' என்று பெயர். வாய்க்காலில் குப்பை அடைத்தால் தண்ணீர் தேங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பை எடுத்துவிட்டால் வலி போகும் என்று நம்பி அதற்கேற்ற மூலிகைகளைச் சேர்த்தார்கள்.

சுமார் 1800 வருஷத்துக்கு முன் சாங் சோங்ஜிங் என்ற பெயர்பெற்ற வைத்தியர் இருந்தார். மூட்டு வீங்கி, உடம்பு இளைத்துப் போகிறவர்களுக்கு அவர் எழுதி வைத்த ஒரு கஷாயம் இன்றும் சீனாவில் பழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒன்பது சரக்கு. அவற்றில் சில நமக்கும் பழக்கப்பட்டவைதான். இஞ்சி இருக்கிறது, அதிமதுரம் இருக்கிறது, பட்டை மரத்தின் இளங்குச்சி இருக்கிறது. இதைக் கேட்டதும், "அட, நம்ம அஞ்சறைப் பெட்டி சாமான்தானே" என்று தோன்றும்.

ஆனால் அதே கஷாயத்தில் இன்னொரு வேரும் சேருகிறது. அது வச்சநாபி இனத்துக் கிழங்கு. நாபி எப்படிப்பட்ட விஷம் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். நம் நாட்டு வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்யாமல் தொட மாட்டார்கள். சீன வைத்தியர்களும் அதைப் பக்குவப்படுத்தி, நெடுநேரம் கொதிக்க வைத்த பிறகுதான் கொடுப்பார்கள். கொதி குறைந்தாலோ, அளவு கூடினாலோ நாக்கும் உதடும் மரத்துப் போகும், வாந்தி வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகும். இந்தக் கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி ஹாங்காங் டாக்டர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

ஆக, ஒரே சட்டியில் இஞ்சியும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. ரெண்டுமே மூலிகைதான். இதுதான் நம் முதல் பாடம்.

இடி தெய்வத்தின் கொடி

முடக்குவாதத்துக்குச் சீனாவில் மிக அதிகமாகப் பேசப்படும் மூலிகை ஒரு கொடி. அதன் பெயர் 'லெய் குங் தெங்'. இடி தெய்வத்தின் கொடி என்று அர்த்தம். தென்சீனாவின் மலைப் பகுதிகளில் விளைகிறது. அங்குள்ள விவசாயிகள் முன்பெல்லாம் இதன் வேரைப் பொடி செய்து காய்கறித் தோட்டத்தில் பூச்சிகொல்லியாகத் தூவினார்கள். இலை, பூ, வேரின் மேல்பட்டை எல்லாமே விஷம். தெரியாமல் தின்று இறந்தவர்களும் உண்டு. அதனால் வைத்தியர்கள் வேரின் மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்கட்டையை மட்டும் எடுத்து நெடுநேரம் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள்.

1970களில் சீன மருத்துவர்கள் இந்த வேரிலிருந்து சத்தைப் பிரித்து எடுத்து மாத்திரையாக்கினார்கள். அதிலுள்ள 'டிரிப்டோலைடு' என்ற பொருள்தான் முக்கியமாக வேலை செய்கிறது என்று தெரிந்தது. மூட்டைத் தாக்கும் காவல் படையை அது அடக்கி வைக்கிறது.

சரி, உண்மையிலேயே கேட்கிறதா? இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் பெய்ஜிங்கில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் டாக்டர்கள் தலைமையில் நடந்த பரிசோதனையின் முடிவு வெளியானது. முடக்குவாதம் உள்ள 207 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். குழுவுக்கு 69 பேர். ஒரு குழுவுக்கு உலகம் முழுக்க முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. இன்னொரு குழுவுக்கு இந்தக் கொடியின் மாத்திரை. மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்த்து. 24 வாரம் கழித்துப் பார்த்தார்கள். நோயின் தொந்தரவு பாதியாவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள்.

- மெத்தோட்ரெக்சேட் மட்டும்: 69 பேரில் 32 பேர்.
- கொடி மாத்திரை மட்டும்: 69 பேரில் 38 பேர்.
- இரண்டும் சேர்த்து: 69 பேரில் 53 பேர்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒரு நாட்டு மூலிகை நவீன மருந்துக்குச் சமமாக நின்றிருக்கிறது. எந்த மருந்து யாருக்கு என்று நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் முன்பே தெரியும், 24 வாரம்தான் பார்த்தார்கள் என்ற குறைகள் இந்தப் பரிசோதனையில் உண்டு. அப்படி இருந்தாலும் "நாட்டு மருந்தெல்லாம் சும்மா" என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில்.

ஆனால் பாடம் இதோடு முடியவில்லை. பெண்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

பெண்களுக்கு என்ன ஆகிறது?

இந்தக் கொடி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடும் பெண்களில் பலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகிறது. சிலருக்கு நின்றே போகிறது. மருந்தை நிறுத்தினால் சிலருக்குத் திரும்பி வரும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கும் திரும்பி வராமலே போகலாம். சினைப்பையைப் பாதிப்பதால்தான் இப்படி. வருஷக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பின் பலமும் குறையலாம். ஆண்களுக்கு விந்தணு குறைகிறது. இதைக் கவனித்த சீன விஞ்ஞானிகள், இதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்கலாமா என்று 1980களில் ஆராய்ச்சி செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. இது தவிர வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, வெள்ளை அணு குறைவது, கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு என்று பட்டியல் நீள்கிறது. பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ரொம்பக் குறைவு. உப்பு ஒரு சிட்டிகை கூடினால் குழம்பை ஒப்பேற்றிவிடலாம். இதில் அளவு கூடினால் ஒப்பேற்ற முடியாது.

இதைச் சீன அரசே மூடி மறைக்கவில்லை. 2012-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டாக்டர்களுக்கும் மக்களுக்கும் எச்சரிக்கை விட்டது. குழந்தைகள், இனிமேல் பிள்ளை பெற நினைப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது என்று சொன்னது. சீனாவில் இது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத மருந்து. சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம், சிறுநீர், கல்லீரல் பரிசோதனைகளைத் தொடர்ந்து செய்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அது விளையும் நாட்டிலேயே இத்தனை காவலோடு கொடுக்கும் மருந்தை, நம் சந்தையில் ஒருவர் பேப்பரில் மடித்து, "கெடுதலே இல்லை" என்று சொல்லிக் கொடுத்தால் நாம் நம்பலாமா?

பேர் ஒன்று, வேர் வேறு

மூலிகையில் இன்னொரு ஆபத்து, ஆள் மாறாட்டம். இதற்கு உலகமே அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது.

சீனாவில் 'ஃபாங் ஜி' என்ற பெயரில் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று ஹான் ஃபாங் ஜி. இன்னொன்று குவாங் ஃபாங் ஜி. இரண்டையும் வாத வலிக்கும் உடம்பு வீக்கத்துக்கும் கொடுத்து வந்தார்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் செடிகள் வேறு வேறு குடும்பம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு இளைக்க வைக்கும் ஒரு மருத்துவ நிலையத்தில் பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ஹான் ஃபாங் ஜி சேர்க்க வேண்டிய இடத்தில் குவாங் ஃபாங் ஜி சேர்ந்துவிட்டது.

அந்த இரண்டாவது செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற விஷம் இருக்கிறது. சாப்பிட்ட பெண்களுக்கு ஒவ்வொருவராகச் சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. 1993-ல் டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். கடைசியில் நூறு பெண்களுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு டயாலிசிஸ், சிறுநீரக மாற்று ஆபரேஷன் என்று வாழ்க்கையே மாறிப்போனது. மருந்தை நிறுத்தின பிறகும் விடவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. இது 2000-ல் வெளியான செய்தி. 2004-ல் சீன அரசு குவாங் ஃபாங் ஜி வேரை மருந்தில் சேர்க்கவே தடை போட்டது.

அந்தப் பெண்கள் யாரும் போலி வைத்தியரிடம் போகவில்லை. டாக்டர் நடத்திய இடத்துக்குத்தான் போனார்கள். வேர் மாறினதும் வெளியே தெரியவில்லை. பொடியாக இடித்த பிறகு எந்த வேர் எது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

இது நம் ஊருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்

"அது எங்கேயோ சீனாவில, பெல்ஜியத்தில" என்று விட்டுவிட முடியாது. அந்தக் குவாங் ஃபாங் ஜி செடியின் நெருங்கின சொந்தக்காரச் செடிகள் நம் ஊரிலும் இருக்கின்றன. கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளை அதில் ஒன்று. ஆடு கூட வாய் வைக்காது என்பதால்தான் அந்தப் பெயர். ஈச்சுரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்கிற கொடி இன்னொன்று. இரண்டிலும் அதே அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. இந்த அமிலம் உள்ள செடிகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

நம் பாட்டிமார் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சிறுநீரகம் கெடுவது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பது. அதனால் கஷாயத்தையும் நோயையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அந்தக் காலத்தில் வழி இல்லை. இன்று வழி இருக்கிறது. ஆகவே இந்தச் செடிகளை நாமே பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவோம். ஏற்கெனவே குடித்து வந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது.

பொட்டலத்துக்குள் வேறு என்ன இருக்கலாம்?

சில மூலிகை மருந்துகளைச் சாப்பிட்டால் ரெண்டே நாளில் வலி பறந்துபோகும். "பாருங்க, என்னமா கேக்குது!" என்று ஊரெல்லாம் சொல்வோம். சகோதரிகளே, அங்கேதான் சந்தேகப்படணும். வருஷக்கணக்கான முடக்குவாத வலி, வேரும் இலையும் சாப்பிட்டு ரெண்டு நாளில் போகாது. இடி தெய்வத்தின் கொடிக்கே பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

மூலிகை என்று சொல்லி அதில் ஆங்கில மருந்தைக் கலந்து விற்பது பழைய மோசடி. 1975-ல் அமெரிக்காவில், வாத வலிக்குச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நான்கு பேருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோனதை டாக்டர்கள் எழுதினார்கள். மாத்திரையைச் சோதித்தால் உள்ளே கடுமையான வலி மருந்துகள் இருந்தன. லேபிளில் அவற்றின் பெயரே இல்லை.

இன்றும் இப்படிக் கலக்கப்படுவதில் முக்கியமானது ஸ்டீராய்டு. டாக்டர் அளந்து கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், உடம்பு கனக்கும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏறும், எலும்பு பலம் இழக்கும், கிருமி சுலபமாகத் தொற்றும். உங்களில் யாராவது இப்படி ஒரு பொடியை ரொம்ப நாளாகச் சாப்பிட்டு வந்தால், இதைப் படித்ததும் பயந்துபோய் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டை திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் மயங்கி விழும் நிலை வரலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

அப்போ எந்த மருந்துதான் சாப்பிடுவது?

சீனாவிலும் சரி, இங்கேயும் சரி, முடக்குவாதத்துக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைதான். இது விலை அதிகமில்லாத மருந்து. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டினால் ரத்தப் பரிசோதனை செய்து, நோய் இதுதான் என்று உறுதி செய்து மருந்து கொடுப்பார்கள்.

இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. அதை மறைக்கக் கூடாது. நாலு விஷயம் ஞாபகம் வைக்கணும்:

1. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். கூட ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுப்பார்கள்.
2. டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போகணும். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்ப்பார்கள்.
3. கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் சாப்பிடக் கூடாது. பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளணும்.
4. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், கேக்கல" என்று விடக் கூடாது.

வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த மாத்திரையும் கெடுதல் செய்யலாம், இடி தெய்வத்தின் கொடியும் கெடுதல் செய்யலாம். ஆனால் மாத்திரையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கெடுதல் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் தெரியும். பொட்டலத்தில் ஒன்றுமே தெரியாது. மூலிகையா மாத்திரையா என்பதைவிட, தெரிந்ததா தெரியாததா என்பதுதான் கேள்வி.

நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்தா பிரிவில் போய்ப் பார்க்கலாம். அங்கே பட்டம் படித்து, பதிவு செய்த டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வைத்தியமும் பார்த்தால் இரண்டு டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடணும். ஒளிக்கக் கூடாது. இரண்டு மருந்தும் ஒரே கல்லீரலுக்குத்தானே போகிறது?

மருந்தோடு கூட, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுவது, வீக்கம் அதிகம் உள்ள நாளில் ஓய்வு கொடுப்பது, கனமான குடத்தை விரல் நுனியில் தூக்காமல் இடுப்பில் வைப்பது, இதெல்லாம் காசில்லாமல் நாமே செய்யக்கூடியவை. வீட்டில் உள்ளவர்களும் அம்மாவின் கைக்கு நோய் என்று புரிந்துகொண்டு, துணி பிழிவது, மாவு ஆட்டுவது போன்ற வேலைகளைப் பகிர்ந்துகொள்ளணும்.

உள்கடன் கேட்ட சகோதரிக்கு எங்கள் பதில்

அக்கா, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கேட்காமல் வாங்கியிருந்தால் எங்களுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்காது. சீன மூலிகையை நாங்கள் கேலி செய்யவில்லை. அதில் உண்மையான மருந்து இருக்கிறது. உண்மையான மருந்து என்பதால்தான் உண்மையான ஆபத்தும் இருக்கிறது.

அந்தப் பொட்டலத்துக்கு உள்கடன் வேண்டாம். மூவாயிரம் போவது மட்டும் நஷ்டம் இல்லை. அதைச் சாப்பிட்டுப் பார்க்கும் மூன்று மாசம்தான் பெரிய நஷ்டம். முதலில் சொன்னோமே, அரித்துப்போன எலும்பு திரும்ப வராது என்று. அந்த மூன்று மாசத்தில் உங்கள் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம். பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் செலவு, ஒரு நாள் கூலி போவது, இதற்காகக் கடன் கேளுங்கள். மனசாரத் தீர்மானம் போடுவோம். ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர் கூட வரவும் ஏற்பாடு செய்யலாம்.

மருந்து விற்க யார் வந்தாலும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இதில் என்னென்ன சரக்கு இருக்கிறது? பெயரும் அளவும் எழுதியிருக்கிறதா?
2. தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்கிறதா?
3. கர்ப்பிணி, பால் கொடுப்பவர், சர்க்கரை உள்ளவர் சாப்பிடலாமா? "எல்லாரும் சாப்பிடலாம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.
4. கெடுதல் வந்தால் எப்படித் தெரியும், யாரிடம் வருவது?
5. பில் தருவீர்களா?

இதற்குப் பதில் இல்லையென்றால் அது மருந்து இல்லை, வெறும் பொட்டலம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் காலையில் அரைமணிக்கு மேல் விரல் விறைப்பு உள்ளவர்கள் யார் யார்? எத்தனை நாளாக?
- அவர்களில் ரத்தப் பரிசோதனை செய்தவர் எத்தனை பேர்? செய்யாதவர்களை எந்தத் தேதியில், யார் கூட்டிப்போவது?
- பெயர் தெரியாத பொடி, லேகியம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா?
- ஆடுதீண்டாப்பாளை, ஈச்சுரமூலி கஷாயம் குடிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறதா?

பேசி முடித்து, எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சேமிப்பைக் காப்பாற்றின கைகள் இவை. அந்தக் கைகளையும் நாம் காப்பாற்றிக்கொள்வோம்.